வேப்பிலை போட்ட பீர்

1

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள்? மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டோம். காலையில் அவித்துத் தின்றோம், மத்தியானம் அதையே மாவாக்கி அடை தட்டினோம், சாயங்காலம் மறுபடியும் அவித்தோம். அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. என்ன குடித்தீர்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் அதைத்தான் எழுதப் போகிறேன். ஒரு பொம்பளை இதையெல்லாமா எழுதுவாள் என்று முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

என் பெயர் செல்லம்மா. துறையூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு கப்பலேறி மலாயாவில் நெகிரி செம்பிலானுக்கு வந்தவள். லிங்கி ஆற்றை ஒட்டிய ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை செய்கிற தோட்டம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் வீரப்பன். துரை பங்களாவில் சமையல்காரர். துரை இங்கிலீஷ்காரர் இல்லை, பெல்ஜியம் என்ற தேசத்துக்காரர். ஆளும் உருண்டையாக இருப்பார், பங்களாவின் பின்கட்டு ரூமில் ஒரு மரப்பீப்பாய் வைத்து பீர் செய்வார் என்பதால் தோட்டமே அவரைப் பீப்பாய் துரை என்றுதான் சொல்லும்.

சண்டை வந்தபோது சிங்கப்பூருக்கு ஓடி, அங்கே பிடிபட்டு, ஜப்பான்காரன் கேம்பில் கிடந்த அந்தத் துரை போன மாதம் திரும்பி வந்தார். லாரியிலிருந்து இறங்கியவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பீப்பாயில் பாதிகூட மிச்சமில்லை. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிற்றால் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "செல்லம்மா, அந்த ரூம் இருக்கா?"

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்.

"ரூம் இருக்கு தொரை. ரூம்ல வேல செஞ்சவருதான் இல்ல."

துரை தொப்பியைக் கழற்றினார். "வீரப்பன்?"

"சயாமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, ரயில் ரோட்டு வேலைக்கு. போனவங்கள்ல கொஞ்சம் பேரு வந்துட்டாங்க. இவரு இன்னும் வரல."

"நானே வந்துட்டேன்," என்றார் துரை. "அவன் கட்டாயம் வருவான்."

சாவி என் முந்தானையில்தான் இருந்தது. திறந்துவிட்டேன். மூலைக்கு மூலை ஒட்டடை, தரையெல்லாம் தூசி. துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. அலமாரியின் கீழ்த்தட்டில் படுக்க வைத்திருந்த ஒரே ஒரு பாட்டிலைக் கண்டதும் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கினார்.

"தொரை, அத வெச்சிருங்க. அது அவரு செஞ்சது. அவரு வந்துதான் தொறக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். பங்களா அவருடையது, ரூம் அவருடையது, பாட்டிலும் அவருடையதுதான். நான் சமையல்காரன் பெண்டாட்டி. ஆனாலும் தூசியில் பாட்டில் கிடந்த தடம் எங்கே இருந்ததோ அங்கேயே அதைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வெளியே போனார்.

2

எங்கள் துரை வேலைக்குச் சேர்ந்த புதிதில் பீர் செய்கிறார் என்று கேள்விப்பட்டபோது, சாராயம் காய்ச்சுகிற துரையா என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் சிரித்தோம். பிறகு என் வீட்டுக்காரர் வந்து கதை கதையாகச் சொன்னார். துரையின் ஊரில் மடத்துச் சாமியார்கள் பீர் வடிக்கிறார்களாம். காலையில் பூசை, பிறகு பேச்சே இல்லாமல் அடுப்பு வேலை. நம்ம ஊர் மடத்தில் இப்படி ஒன்று நடந்தால் ஊரே திரண்டுவிடும். அங்கே என்னவென்றால் சாமியார் செய்தது என்றால் கூடுதல் மதிப்பாம். குடியானவர் வீடுகளிலும் குளிர்காலத்தில் பீர் செய்து வைத்து, வெயில் காலத்தில் வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஊற்றுவார்களாம், நாம் நீராகாரம் கொடுப்பதைப் போல.

இன்னொன்று சொன்னார், அதைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. ஒரு பள்ளத்தாக்கில் தானியம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைப் பரணில் அகலமான தொட்டியில் ஊற்றி, ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். நுரைக்க வைப்பதற்கு எதையும் சேர்ப்பதில்லை. காற்றில் வருவதும், சுவரிலும் கூரையிலும் குடியிருப்பதும் தானாக இறங்கிப் புளிக்க வைத்துவிடும். அதனால் அந்தப் பரணை யாரும் கூட்டக் கூடாது. ஒட்டடை அடிக்கக் கூடாது. பழத்து ஈக்களைச் சிலந்தி பிடித்துவிடுகிறது, அதுவும் வேலைக்காரன்தான். கூரை ஒழுகிப் புதிதாக ஓடு மாற்றினால்கூட, பழைய ஓட்டில் கொஞ்சத்தை எடுத்து அங்கேயே வைத்துவிடுவார்கள்.

"அப்ப அந்த ஊர்ப் பொம்பளைங்க என்னதான் செய்வாங்க?" என்று கேட்டேன்.

"அந்த ரூம் பக்கம் போகமாட்டாங்க புள்ள," என்று சிரித்தார்.

துரை இங்கேயும் அதையே செய்து பார்த்தார். இந்த வெக்கையில் முதல் பீப்பாய் காடியாகிவிட்டது. இரண்டாவதும் காடி. அதற்குப் பிறகுதான் நல்லதாக வந்த ஒரு பீப்பாயின் அடி மண்டியை எடுத்து வைத்து, அடுத்ததற்கு உறை ஊற்றுகிற வழிக்கு வந்தார். ஆனால் ஒட்டடையைத் தொடவிடவில்லை. பார்லியை முளைகட்டிக் காயவைத்த மூட்டை சிங்கப்பூரிலிருந்து வரும். கசப்புக்கு ஏதோ காய்ந்த பூ, பிஸ்கட் டின்னில் வரும். அதோடு ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் துரையும் என் வீட்டுக்காரருமாகச் சேர்ந்து இடித்துப் போடுவார்கள். நம்ம மல்லிதான், குழம்புக்குப் போடுகிற அதே மல்லி. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் துரையின் ஊர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மூடின பிறகும் பாட்டிலுக்குள் அது வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் தக்கைக்கு மேல் கம்பி கட்டி வைப்பார்கள். கட்டாவிட்டால் வெடிக்கும்.

3

ஜப்பான்காரன் வந்தான். துரையின் கட்டிலில் மோரி என்கிற அதிகாரி படுத்தார். பங்களாவைச் சோதனை போட்டபோது ஒரு சிப்பாய் பின்கட்டு ரூமில் ஒரு பாட்டிலை எடுத்துக் கம்பியைத் திருகினான். தக்கை டப்பென்று மோட்டில் போய் அடித்தது. வெளியே நின்ற இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியோடு தரையில் விழுந்து படுத்துவிட்டார்கள். மோரி சிரித்த சிரிப்பில் மற்றவர்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் சுவரோரம் நின்றார். மோரி ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார். இன்னொரு மடக்கு. பிறகு கிராணியைக் கூப்பிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார். கிராணி என் வீட்டுக்காரரைக் காட்டினார்.

கிராணி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸ் கணக்குப் பார்க்கிறவர். சயாம் ரயில் ரோட்டுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதும் இத்தனை பேர் வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வரும். பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியது அவர் தலையில். முதல் தடவையே என் வீட்டுக்காரர் பெயரும் எழுதப்பட்டிருந்தது. மறுநாள் கிராணி ஐயா லயத்துக்கு வந்தார்.

"வீரப்பன்ட பேரை மோரி மாஸ்டரே வெட்டிப்போட்டார்," என்றார் என்னிடம். "பீர் செய்யிறவனை விட ஏலாது எண்டு சொல்லுறார். விளங்குதோ? பீர் நிக்காமப் பாத்துக்கொள்ளுங்கோ. அது நிண்டா என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

விளங்காமல் என்ன? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. பீப்பாயில் நுரை இருக்கும்வரை புருஷன் வீட்டில் இருப்பார். இதுதான் எங்கள் நிலைமை. தினமும் பொழுது விடிந்ததும் ஓடிப்போய்ப் பீப்பாயில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே சிடுசிடுவென்று சத்தம் வந்தால்தான் மூச்சு வரும்.

பார்லி மூட்டை சீக்கிரமே தீர்ந்துபோனது. லயத்துக்குப் பின்னால் கேழ்வரகு போட்டிருந்தோம். குழந்தைகளுக்கு முளைகட்டி மாவு செய்வது போலவே முளைகட்டி, காயவைத்து, உடைத்துக் கொடுத்தேன். மல்லி கொல்லையிலேயே இருந்தது. கசப்புப் பூ தீர்ந்தபோது என் நாத்தனார் அங்கம்மாள், அவள் பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தில் பால் சீவுகிறவள், ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"கசப்புத்தான வேணும்? மாரியம்மன் கோயில்ல வேப்ப மரம் நிக்குது. ஆத்தாகிட்ட சொல்லிட்டு நாலு கொத்து ஒடிச்சிட்டு வரேன், இரு அண்ணி."

வேப்பிலை போட்ட பீரை மோரி குடித்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடியும் குடித்தார். அடுத்த தடவையும் பெயர் வெட்டப்பட்டது.

வள்ளிக்கு அப்போது ஒன்பது வயது, என் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பாஷையும் பாட்டும்தான். மூன்று மாதத்தில் கடகடவென்று பேசினாள். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போனால், கும்பிடச் சொன்ன பிள்ளை மாரியம்மனுக்கு முன்னால் கையை இரண்டு பக்கமும் ஒட்டிவைத்து, இடுப்பை வளைத்து ஜப்பான்காரனுக்குக் குனிவது போலக் குனிகிறாள். எனக்கு அடிக்கக் கை ஓங்கிவிட்டது. பிறகு நினைத்தேன், நாங்கள் எல்லோரும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்.

4

இரண்டாவது வருஷப் பொங்கல். அரிசி இல்லாத பொங்கல் என்றாலும் வீட்டைக் கூட்டி மெழுகாமல் விடுவோமா? லயம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் கிழங்கு மாற்றி உப்பு வாங்கி வர சிரம்பான் போயிருந்தோம். திரும்பி வந்தபோது பங்களாப் பின்கட்டில் அங்கம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள், தலையெல்லாம் சுண்ணாம்பு.

"வந்து பாருண்ணே! எப்படி வெச்சிருந்தீங்க இந்த ரூம, எழவு வீடு மாதிரி!"

சுவர் நான்கும் பளீரென்று இருந்தது. ஒரு நூல் ஒட்டடை இல்லை. பீப்பாயைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். உறைக்கு வைத்திருந்த மண்டிச் சட்டியையும் விடவில்லை. புளி போட்டு விளக்கியிருந்தாள். அவள்மேல் என்ன குற்றம்? நம்மில் யார் கையில் துடைப்பம் இருந்தாலும் பொங்கலுக்கு முதல்நாள் இதைத்தான் செய்திருப்போம். ஆனால் என் வீட்டுக்காரர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மோரி வேறு ஏதோ விருந்துக்குப் பீர் கேட்டிருந்தார். காய்ச்சி ஊற்றினோம். இரண்டு நாள் ஆகியும் அசைவே இல்லை. காதை வைத்துக் கேட்டேன், கிணற்றுத் தண்ணீர் போலச் சும்மா கிடந்தது. அப்போதும் அங்கம்மாள்தான் ஓடினாள். கள்ளுக்கடையில் போய்ப் பானையின் அடியில் தங்கிய கசடைச் செம்பில் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"கள்ளு மட்டும் எப்படிண்ணே பொங்குது? இத ஊத்திப் பாரு. போனா என் உசுரு போவட்டும்."

ஊற்றினோம். சாயங்காலத்துக்குள் பீப்பாய் மூடி தூக்கிக்கொண்டு நின்றது. அப்படி ஒரு பொங்கு பொங்கியது. நாங்கள் மூன்று பேரும் பைத்தியம் போலச் சிரித்தோம். எல்லாம் இனி நல்லபடியாக நடக்கும் என்று நான் நினைத்தேன், வெட்கமில்லாமல்.

விருந்தில் அந்தப் பீருக்குப் பெயரான பெயர். வந்தவர்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டுக் குடித்தார்களாம். பத்து நாளில் மோரிக்கு மாற்றல் வந்தது, சயாமுக்கு. கிராணி ஐயா லயத்துக்கு வந்து என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மாஸ்டர் வீரப்பனைத் தன்னோட கூட்டிக்கொண்டு போறாராம். கூலியாய் இல்லை, பீர் செய்யிற ஆளாய். நல்லாய்ச் செய்யிறானாம், விட மனமில்லையாம்."

பீர் நின்றால்தான் போவார் என்று பயந்துகொண்டிருந்தோம். நன்றாக வந்ததால் போனார். புறப்படும்போது ஒரு சிறிய ஜாடியில் மண்டியை எடுத்துத் துணியால் வாய் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பாட்டிலை மட்டும் அலமாரியில் படுக்க வைத்தார். "வந்து தொறக்கலாம்," என்றார். அந்த ரூமைப் பூட்டினேன். அதற்குப் பிறகு அங்கம்மாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ எரியும். அவள் கூட்டாமல் இருந்திருந்தால் பீர் சுமாராகவே இருந்திருக்கும், சுமாராக இருந்திருந்தால் மனுஷன் இங்கேயே இருந்திருப்பார். நான் அவளோடு பேச்சைக் குறைத்தேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

5

இப்போது மறுபடியும் பொங்கல் வருகிறது. ஒரு வேலையும் ஓட மாட்டேன் என்கிறது. அடுப்பில் உலை வைத்துவிட்டு ரோட்டைப் பார்க்கப் போய்விடுகிறேன், திரும்பி வந்தால் உலை வற்றிக் கிடக்கிறது. லாரி சத்தம் கேட்டால் கை வேலை நின்றுவிடுகிறது. வள்ளி இப்போது ஜப்பான் பாட்டை எல்லாம் உதறிவிட்டு 'குட் மார்னிங்' என்கிறாள். தமிழில் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னபோது எழுத்து மறந்துவிட்டது என்றாள். எங்கே அனுப்புவது என்று வேறு கேட்டாள்.

அரிசி பங்கீட்டு ஆபீஸில் ஒவ்வொரு தடவையும் இதே சண்டை.

"வீட்டுல எத்தன பேரு?"

"மூணு பேரு."

"புருஷன் இங்க இருக்காரா?"

"வந்துருவாரு."

"வந்தப்புறம் பேரச் சேத்துக்கலாம்லா. இப்ப வெட்டிடவா?"

"வெட்டினா நான் இந்த எடத்த விட்டு நவுர மாட்டேன்."

பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முனகுவார்கள். இரண்டு பேருக்குத்தான் அரிசி கிடைக்கும். ஆனால் பெயர் இருக்கும்.

துரை வந்து நான்காம் நாள் மத்தியானம் ஒரு ஆள் கோலூன்றிக்கொண்டு லயத்துக்கு வந்தார். பெயர் முனியாண்டி, புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டம். சயாமிலிருந்து திரும்பியவர் என்பது பார்த்த உடனே தெரிந்தது.

"பீர்க்கார அண்ணன் வீடு இதானா?"

அங்கம்மாள்தான் பெஞ்சை இழுத்துப் போட்டாள்.

முனியாண்டி தன் காலைக் காட்டினார். "இந்தக் கால் ரெண்டும் யானக்கால் மாதிரி வீங்கிப் போச்சுக்கா. பெரிபெரி. வெறும் அரிசியத் தின்னு தின்னு வர்ற வியாதி. நெறைய பேரு அதுலயே செத்தாங்க. அண்ணன் அங்க ஆபீசருங்களுக்கு அரிசியில பீர் செஞ்சாரு. கைதியா இருந்த ஒரு வெள்ளக்கார டாக்டரு சொன்னாராம், அதோட மண்டிதான் இந்த வியாதிக்கு மருந்துன்னு. ஆபீசருங்க மேல் தண்ணியக் குடிப்பானுங்க. அண்ணன் அடி மண்டிய வாளியில தூக்கிட்டு எங்க குடிசைக்கு வருவாரு. ஆளுக்கு ஒரு தேங்காச் செரட்ட. நாத்தம் கொடல புடுங்கும். மூக்கப் புடிச்சி ஊத்திட்டுத்தான் போவாரு. அப்படிப் பொழச்சவன்தான் நானு."

"அவரு?" என்றேன்.

முனியாண்டி கோலைக் கீழே வைத்தார்.

"வாந்திபேதி வந்துச்சுக்கா. குடிசைக்குள்ள வராதீங்கண்ணேன்னு கத்துனோம். கேக்கல, வாளியத் தூக்கிட்டு வந்தாரு. ரெண்டே நாளு. நாந்தான் நெருப்பு வெச்சேன்."

நான் அழுதேன். லயமே கூடி அழுதது. அதை எழுதத் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இத்தனை நாளாக இருந்த அந்தப் பரபரப்பு அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. இன்றுகூட லாரி சத்தம் கேட்டு எழுந்து வாசலுக்குப் போனேன்.

6

காரியம் முடிந்த மறுநாள் பங்கீட்டு ஆபீஸுக்குப் போய், "பேர வெட்டுங்க," என்றேன். அந்தப் பையன் பேனாவை எடுத்தவன் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்லா அம்மா, அடுத்த மாசம் பாக்கலாம்," என்றான். வெட்டச் சொல்லி நானே நின்று பார்த்தேன்.

அங்கிருந்து நேராக வந்து அங்கம்மாளைக் கூப்பிட்டேன். ரூமைத் திறந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பங்களாவுக்குப் போனோம். துரைக்கு விஷயம் தெரியும். எழுந்து நின்றார். நாற்காலி இரண்டை இழுத்துப் போட்டார். துரை பங்களாவில் நாங்கள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"தொறங்க தொரை," என்றேன்.

கம்பியைத் திருகினார். தக்கை டப்பென்று போனது. இத்தனை காலம் இருட்டில் கிடந்தும் உள்ளே உயிர் இருந்தது. துரை கண்ணாடித் தம்ளரைச் சாய்த்துப் பிடித்து, அடி கலங்காமல் மெதுவாக ஊற்றினார். அவர் ஊரில் அப்படித்தானாம், தெளிந்தது தம்ளருக்கு, மண்டி பாட்டிலுக்கு. மோந்து பார்த்தார். ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூக்கு சிவந்துவிட்டது.

"இது எங்க ஊர் பீர் இல்லே," என்றார். "வீரப்பன் பீர்."

இரண்டாவது தம்ளரை எனக்கு ஊற்றப் போனார். வேண்டாம் என்றேன்.

"அந்தத் தெளிவ நீங்க குடிங்க தொரை. அடியில கெடக்கறத எங்களுக்குக் குடுங்க."

பாட்டிலைக் குலுக்கி, தண்ணீர்ச் செம்பில் கவிழ்த்தேன். கலங்கலாக, சேறு போல இறங்கியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதியைக் குடித்தேன். முதலில் மல்லி வாசம், பின்னாலேயே கள்ளு வாசம், கடைசியில் தொண்டையில் நின்ற கசப்பு. மீதியை அங்கம்மாளிடம் நீட்டினேன். நான் அவளுக்கு ஒரு பொருளை என் கையால் கொடுத்து எத்தனையோ காலமாகிறது. அவள் இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கசக்குது அண்ணி," என்றாள்.

"கசக்காம? வேப்பிலை நீ ஒடிச்சதுதான," என்றேன்.